அகிஹபாரா மெய்ட் கஃபேக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: முன்பதிவு, செலவு, உள்ளே நடந்துகொள்ளும் விதம்

அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கும் நம் ஆட்கள் டோக்கியோ போனால், அனிமே, மின்சாதனக் கடைகள் நிறைந்த அகிஹபாராவை விடுவதில்லை. ஆனால் பணிப்பெண் வேஷம் போட்ட பெண்கள் வாடிக்கையாளரை எஜமானாக நடத்திப் பரிமாறும் மெய்ட் கஃபேயின் வாசல்வரை போய், குறுகலான லிஃப்ட்டையும் ஜப்பானிய விலைப் பட்டியலையும் பார்த்துவிட்டு, கூச்சப்பட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. தெருவில் கூப்பிட்ட ஏதோ ஒரு கடைக்குள் நுழைந்து, பில்லைப் பார்த்து விழிப்பவர்களும் உண்டு. போவதற்கு முன் தமிழில் தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் ‘ஜப்பானில் இப்படியும் ஒரு கடையா’ வகை வீடியோக்கள்தான். ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகும், மேசைக் கட்டணம் என்றால் என்ன, செல்போனை வெளியே எடுக்கலாமா, சைவம் கிடைக்குமா என்று யாரும் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சாப்பாட்டுக் கடை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, நீங்களும் ஒரு வேஷம் ஏற்று உட்காரும் சின்ன நாடகம் இது. இப்படிப் பார்த்தால் கட்டணம், விதி, சாப்பாட்டுக்கு ருசி கூட்டச் சொல்லும் மந்திரம் எல்லாமே புரிந்துவிடும்.

1. இது உங்களுக்குப் பிடிக்குமா என்று முதலில் யோசியுங்கள்

பள்ளிக்கூட அனிமே பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடமாக இருக்கும். கலைவிழா வரும், வகுப்பறையை மெய்ட் கஃபே ஆக்குவார்கள், கதாநாயகி வெட்கப்பட்டுக்கொண்டே தட்டை நீட்டுவாள். அதே குரல் ஏற்ற இறக்கம், அதே கையசைவு, ரிப்பன், ஃப்ரில் வைத்த ஏப்ரன் எல்லாம் திரையிலிருந்து இறங்கி உங்கள் மேசைக்கு வரும். மெய்டுகள் வேஷத்தைக் கலைப்பதே இல்லை. வயதைக் கேட்டால் ‘என்றைக்கும் பதினேழு’ என்பார்கள். ஊரைக் கேட்டால் ஏதாவது கனவு தேசத்தின் பெயர் வரும். அந்தப் பொய்யை நீங்களும் சிரிக்காமல் ஏற்றுக்கொண்டு, ‘அங்கே இப்போது மழையா?’ என்று கேட்டால் ஆட்டம் களைகட்டும்.

ரசிகர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஊரில் ‘இந்த வயதில் கார்ட்டூனா?’ என்ற கேள்வியைக் கேட்டுச் சலித்தவர்களுக்கு, தமக்குப் பிடித்த பாத்திரத்தைப் பற்றி முழு உற்சாகத்தோடு பேச அங்கே ஓர் ஆள் கிடைக்கும். பேசக் காசு கட்டியிருக்கிறோம், உண்மைதான். ஆனாலும் மெய்டுகளில் பலர் தாங்களே அனிமே பைத்தியங்கள். நீங்கள் படத்தைக் காட்டியதும் கண் விரிவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அனிமே பார்க்காத நண்பரையோ அம்மா அப்பாவையோ கூட்டிப் போகலாமா? பெரிய கடைகளுக்குத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். பகலில் பெண்கள், தம்பதிகள், குழந்தையோடு வந்தவர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். ஆபாசம் எதுவும் கிடையாது. வேறு ஏதாவது எண்ணத்தோடு போகிறவர் தயவுசெய்து போக வேண்டாம். அவருக்கும் ஏமாற்றம், அங்கே வேலை செய்யும் பெண்களுக்கும் தொல்லை.

2. பாஸ்போர்ட், விசா, கைப்பணம்

மெய்ட் கஃபேக்கு என்று தனி ஆவணம் எதுவும் வேண்டாம். ஜப்பானுக்குள் நுழைவதற்குத்தான் வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் குறுகிய சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே போகலாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை.

இந்தியாவில் இருப்பவர்கள் விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் சுற்றுலாவுக்கு மின்விசா தருகிறார்கள். விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட், புகைப்படம், நாள்வாரிப் பயணத் திட்டம், விமானம் மற்றும் தங்குமிட விவரம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு ஆகியவைதான் அடிப்படை. பயணத் திட்டத்தில் ‘அகிஹபாரா’ என்று எழுதினாலே போதும், எந்தக் கடை என்று யாரும் கேட்பதில்லை.

இதில் இரண்டு பொறிகள். ஒருமுறை நுழைவதற்கான விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பயன்பட வேண்டும். அதனால் ஆறு மாதம் முன்பே விண்ணப்பித்துவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. ஒன்றரை மாதம் முன்பு கொடுப்பது சரியாக இருக்கும். அடுத்தது, மின்விசாவை விமான நிலையத்தில் இணையத்தோடு இணைந்த செல்போன் திரையில்தான் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், அச்சுப் பிரதி செல்லாது. இறங்கியதும் வேலை செய்யும் இ-சிம் (அட்டை இல்லாமல் செல்போனிலேயே ஏற்றும் சிம்) ஒன்றைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கஃபேயில் மொழிபெயர்ப்புச் செயலிக்கும் அதுவே உதவும்.

ஜப்பானில் சுற்றுலாப் பயணி எப்போதும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கஃபேயில் மது கேட்டால் வயதுச் சான்றாகவும் அதையே கேட்பார்கள். அங்கே மது அருந்தும் வயது 20.

பெரிய கடைகளில் கிரெடிட் கார்டு எடுத்துக்கொள்வார்கள். சின்னக் கடைகளில் ரொக்கம் மட்டும் என்று கைவிரிப்பதும் உண்டு. 7-இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும். ஓர் ஆளுக்கு 6,000 யென் ரொக்கமாகக் கையில் இருந்தால் கவலையில்லை.

3. எந்த வகைக் கடை என்று ஊரிலிருந்தே முடிவு செய்யுங்கள்

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அகிஹபாராத் தெருவில் நின்று முடிவு செய்வதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்குத் தொடக்கம்.

முதல் வகை, பெரிய சங்கிலிக் கடைகள். 2004இல் தொடங்கிய அட்-ஹோம் கஃபே, 2008இல் தொடங்கிய மெய்ட்ரீமின் இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள். இரண்டுக்கும் அகிஹபாராவில் பல கிளைகள் உண்டு. ஆங்கில மெனு கிடைக்கும், விலை வெளிப்படையாக இருக்கும், வெளிநாட்டவரைப் பார்த்துப் பழகியவர்கள். பாட்டு, ஆட்டம், மந்திரம் எல்லாம் இங்கேதான் கிடைக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை கண்ணை மூடிக்கொண்டு இந்த வகைதான். ‘சுற்றுலாக்காரர் கடை’ என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். நாமும் சுற்றுலாக்காரர்தானே!

இரண்டாம் வகை, அமைதியான கடைகள். 2001 மார்ச்சில் திறந்த க்யூர் மெய்ட் கஃபே இதற்கு உதாரணம். நிரந்தரமாக நடக்கும் மெய்ட் கஃபேக்களில் முதலாவது இதுதான் என்பார்கள். நீளப் பாவாடை, மெல்லிய இசை, மரியாதையான பேச்சு. கூச்சலோ மந்திரமோ கிடையாது. கூச்ச சுபாவக்காரர்களுக்கும், கால் வலிக்கக் கடைகடையாக ஏறி இறங்கிவிட்டு உட்கார இடம் தேடுபவர்களுக்கும் ஏற்றது. ஆனால் அனிமேயில் பார்த்த கலகலப்பை எதிர்பார்த்துப் போனால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும்.

மூன்றாம் வகை, கான்செப்ட் கஃபே. சுருக்கமாகக் கான்கஃபே என்கிறார்கள். பூனை, சூனியக்காரி, தேவதை, பள்ளிச் சீருடை என்று ஏதாவது ஒரு கருப்பொருள் இருக்கும். பாதிக்கு மேல் பார் போலத்தான் நடக்கும். பல கடைகள் நல்லவை, அவற்றுக்கென்று வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் பில் கணக்கு சிக்கலானது, ஜப்பானிய மொழி தெரியாமல் போனால் கஷ்டம். முதல் முறைக்கு வேண்டாம்.

4. முன்பதிவும் நேரமும்

பெரிய கடைகளின் வலைத்தளங்களில் முன்பதிவு செய்யலாம். சனி, ஞாயிறு, ஜப்பானிய விடுமுறை நாட்கள் என்றால் கட்டாயம் செய்யுங்கள். இல்லாவிட்டால் மாடிப்படியில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வரும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம்வரை வரும் தொடர் விடுமுறையில் இன்னும் மோசம்.

முன்பதிவு இல்லாமல் போவதாக இருந்தால் வாரநாளில், கடை திறந்ததும் போய்விடுங்கள். பல கடைகள் காலை 11 மணி வாக்கில் திறக்கும். மெய்டுகளும் களைப்பில்லாமல் இருப்பார்கள், பக்கத்து மேசை காலியாக இருந்தால் உங்களோடு நிற்கும் நேரமும் கூடும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அதே கடையில் அதே காசுக்கு அதில் பாதி நேரம்கூடக் கிடைக்காது.

ஞாயிறுதான் போக முடியும் என்றால் அதிலும் ஒரு நன்மை உண்டு. சூவோ-தோரி என்ற முதன்மைச் சாலையில் ஞாயிறு மதியம் 1 மணி முதல் 6 மணிவரை வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விட்டுவிடுவார்கள். அக்டோபர் முதல் மார்ச்வரை 5 மணியோடு முடியும். நடுச்சாலையில் நின்று படம் எடுக்கலாம். கஃபேக்குக் காலையிலேயே போய்விட்டு, அப்புறம் இதைப் பார்ப்பது உத்தமம்.

பெரிய பெட்டியோடு போகாதீர்கள். லிஃப்ட்டில் நாலு பேர் நின்றாலே நெரிசல், மேசைக்கு மேசை இடைவெளி ஒரு சாண்தான். நிலையத்திலேயே காசு போட்டுப் பூட்டும் லாக்கர்கள் உண்டு, ஆனால் மதியத்துக்குள் பெரிய அளவு லாக்கர்கள் நிரம்பிவிடும்.

5. போய்ச் சேர்வது, தெருவில் கூப்பிடுகிறவர்கள்

நரிதா விமான நிலையத்திலிருந்து வந்தால் ஸ்கைலைனர் ரயிலில் உவெனோ இறங்கி, அங்கிருந்து யாமனோத்தே லைனில் இரண்டாவது நிறுத்தம். ஹனேடாவிலிருந்து மோனோரயிலில் ஹமாமட்சுசோ வந்து அதே யாமனோத்தே லைனில் ஏறலாம். அகிஹபாரா நிலையத்தில் எலெக்ட்ரிக் டவுன் என்று எழுதியிருக்கும் வாசல் வழியாக வெளியே வாருங்கள். வேறு வாசலில் வந்தால் ஒரு பெரிய மின்சாதனக் கடையின் முன்னால் நின்றுகொண்டு அனிமே விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வாசலிலிருந்து சில நிமிடம் நடந்தாலே மெய்ட் உடையில் பெண்கள் துண்டுச்சீட்டு நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சீட்டு வாங்குவதில் தவறில்லை, சிலவற்றில் தள்ளுபடியும் இருக்கும். ஆனால் ஓர் எல்லைக்கோடு மனதில் இருக்கட்டும்: யாராவது உங்களோடு கூடவே நடந்து கடைக்குக் கூட்டிப்போக முயன்றால் போகாதீர்கள். ஆளைப் பிடித்து இழுக்கும் இந்த வேலையை டோக்கியோ மாநகரச் சட்டம் தடை செய்திருக்கிறது. தடையை மீறித் தெருவில் ஆள் பிடிக்கும் கடை பில்லில் மட்டும் நேர்மையாக இருக்குமா என்ன?

‘ஒரு மணி நேரம் 1,000 யென்தான்’ என்பார்கள். உள்ளே போனதும் அந்த ஆயிரம் உட்காருவதற்கு மட்டும் என்று தெரியும். பானம் தனி, கூட நிற்கும் பெண்ணுக்கு நீங்கள் வாங்கித் தர வேண்டிய பானம் தனி, சேவைக் கட்டணம் என்று பில்லில் சில சதவீதம் தனி. நேரம் முடிந்தால் சொல்லாமலே அடுத்த அரை மணி நேரம் ஏறிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கோலா குடித்துவிட்டுப் பத்தாயிரம் யென்னுக்கு மேல் கொடுத்துவிட்டு வந்தார். சண்டை போட்டால் பலன் குறைவு, ஏனென்றால் அந்தக் கட்டணமெல்லாம் மூலையில் பொடி எழுத்தில் எங்கேயோ எழுதியிருக்கும். உட்காரும் முன்பே எழுத்தில் உள்ள விலைப் பட்டியலைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மிரட்டினால் 110க்கு அழைக்கலாம். மன்செய்பாஷி காவல் நிலையம் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்திலேயே இருக்கிறது.

தெருவில் நிற்கும் மெய்டுகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுப்பது அதைவிட அசிங்கம்.

6. பில் எப்படி ஏறுகிறது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

பெரிய கடைகளில் முதலில் நுழைவுக் கட்டணம் அல்லது மேசைக் கட்டணம். ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 500 முதல் 1,000 யென்வரை. மாணவர்களுக்கும் குழந்தைகளுக்கும் குறைவாக இருக்கும், மாணவர் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் ஆளுக்கு ஒரு ஆர்டராவது கட்டாயம். நாலு பேர் போய் ஒரு ஐஸ்கிரீமை நாலு ஸ்பூன் போட்டுச் சாப்பிடுவது அங்கே நடக்காது. பானம் ஏறக்குறைய 600 யென்னிலிருந்து தொடங்கும், ஆம்லெட் சாதம் 1,500 யென்னை ஒட்டி இருக்கும். அதே ஆம்லெட்டைச் சாதாரண உணவகத்தில் பாதி விலைக்குச் சாப்பிடலாம். மீதிக் காசு அதன்மேல் கெட்சப்பால் வரையும் பூனைக்கு.

அடுத்தது செக்கி, அதாவது மெய்டோடு சேர்ந்து எடுக்கும் உடனடிப் புகைப்படம். அதன்மேல் கலர் பேனாவால் படம் வரைந்து, உங்கள் பெயர், தேதி எழுதிக் கொடுப்பார்கள். 500 முதல் 1,000 யென்வரை ஆகும். பொதுவாக இது கூடுதல் செலவுதான், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவர முடிகிற நல்ல நினைவு அதுதான், வாங்கிவிடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: நுழைவு 800, ஆம்லெட் சாதம் 1,500, பானம் 700, செக்கி 800. மொத்தம் 3,800 யென். 100 யென் 58 ரூபாய் என்று வைத்தால் ரூ. 2,200 வருகிறது. கிளம்பும் வாரத்தில் மாற்று விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், யென் அடிக்கடி ஆடும்.

பானம், சாப்பாடு, செக்கி, ஒரு சின்ன அன்பளிப்பு எல்லாம் சேர்த்துச் செட் என்று விற்பார்கள். நுழைவுக் கட்டணம் அதில் அடங்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தனித்தனியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பசி இல்லையென்றால் பானமும் செக்கியும் மட்டும் உள்ள செட் போதும். மேடையில் பாட்டு, ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீத நுகர்வு வரி. மெனுவில் வரியோடு சேர்த்த விலையைக் காட்ட வேண்டும் என்பது விதி, ஆனால் இரண்டு விலை அச்சிட்டிருந்தால் பெரிய எண்தான் உங்களுடையது.

டிப்ஸ் கிடையாது. மேசையில் சில்லறை வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள்.

7. சைவர்களும் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களும்

இது கொஞ்சம் கஷ்டமான இடம். ஆம்லெட் சாதத்தின் உள்ளே இருக்கும் சிவப்புச் சாதத்தில் பெரும்பாலும் கோழித் துண்டு இருக்கும். கறி சாதம் (ஜப்பானியக் குழம்புச் சாதம்) வெளியே காய்கறி போலத் தெரிந்தாலும், அந்தக் குழம்புக்குப் போடும் மசாலாக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருப்பது சகஜம். ஹம்பர்க் என்று மெனுவில் இருப்பது பெரும்பாலும் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்தது. இனிப்பிலும் ஜெல்லி, மார்ஷ்மெல்லோ இருந்தால் ஜெலட்டின் வரும். முட்டையை மட்டும் ஒதுக்கிவிட்டால் சைவம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

கோழி போடாமல் தர முடியுமா என்று கேட்கலாம். ஆனால் சாதத்தை மொத்தமாகக் கிளறி வைத்திருக்கும் கடையில் முடியாது என்றுதான் சொல்வார்கள். என் யோசனை: வெளியே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அகிஹபாராவுக்கு அடுத்த நிறுத்தம் ஒகாச்சிமாச்சி, நடந்தே போகலாம். நகைக்கடைகள் நிறைந்த அந்தப் பகுதியில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. வயிறு நிறைந்தபின் கஃபேயில் ஒரு பார்ஃபே (கோப்பையில் அடுக்கித் தரும் ஐஸ்கிரீம் இனிப்பு) அல்லது சோடா போதும். பானத்திலும் காபி நுரையிலும் படம் வரைந்து தருகிற கடைகள் உண்டு, அதனால் எதையும் இழக்க மாட்டீர்கள்.

8. உள்ளே என்ன நடக்கும், நீங்கள் என்ன செய்ய வேண்டும்

கதவு திறந்ததும் ‘ஒகாயெரினாசைமாசே, கோஷுஜின்சாமா’ என்று எல்லாரும் ஒரே குரலில் வரவேற்பார்கள். வெளியூர் போன எஜமான் வீடு திரும்பியிருக்கிறார் என்பது கதை. பெண்களை ‘ஓஜோசாமா’ (சின்ன எஜமானி) என்பார்கள். பதிலுக்கு ‘ததாய்மா’ (வந்துவிட்டேன்) என்று சொன்னால் உங்கள் மேசைக்கு வரும் மெய்டின் முகம் மலர்வதைப் பாருங்கள்.

உட்கார்ந்ததும் விதிகளை ஓர் அட்டையில் காட்டுவார்கள். அவசரப்படாமல் படியுங்கள். உங்கள் பெயரைக் கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். ‘பாலசுப்பிரமணியன்’ என்றால் கெட்சப் புட்டி தாங்காது. ‘பாலா’ போதும். சில கடைகளில் முயல் காது, பூனைக் காது வைத்த தலைப்பட்டையை நீட்டுவார்கள். போட்டுக்கொள்ளுங்கள், உங்களை அங்கே யாருக்கும் தெரியாது.

மெய்டைக் கூப்பிடக் கை தட்டுவதும் விரலைச் சொடுக்குவதும் கூடாது. மேசை மணி இருந்தால் அதை அடியுங்கள். சில கடைகளில் இரண்டு கைகளையும் பூனைப் பாதம்போல் வைத்துக்கொண்டு ‘நியன் நியன்’ என்று கூப்பிடச் சொல்வார்கள். வேறு எங்கும் ‘சுமிமாசென்’ (மன்னிக்கவும்) போதும்.

சாப்பாடு வந்ததும் என்ன படம் வேண்டும் என்று கேட்பார்கள். இங்கேதான் முன்தயாரிப்பு உதவும். பூனை, முயல், கரடி எல்லாம் கேட்காமலே வரும். உங்களுக்குப் பிடித்த அனிமேப் பாத்திரத்தின் படத்தை முன்பே செல்போனில் சேமித்து வைத்திருந்து காட்டுங்கள். ஆங்கிலத் தலைப்பைச் சொன்னால் பல நேரம் புரியாது, ஜப்பானியத் தலைப்பைத் திரையில் காட்டினால் அந்தக் கணமே பேச்சு ஓடத் தொடங்கிவிடும். கோடு குறைவான, எளிய முகமாகத் தேர்ந்தெடுங்கள். கவசமும் வாளும் வைத்த வீரனைக் கெட்சப்பால் வரையச் சொல்வது பாவம்.

அப்புறம் மந்திரம். ‘ஓய்ஷிகு நாரே, மொயே மொயே க்யூன்’ என்று இரண்டு கையாலும் இதயம் செய்து தட்டை நோக்கி நீட்டுவார்கள். நீங்களும் கூடவே சொல்ல வேண்டும். பலர் இங்கே வெட்கத்தில் முனகிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அப்படிச் செய்தால் மெய்ட் ‘இன்னும் ருசி வரவில்லையே’ என்று திரும்பச் சொல்ல வைப்பார், வெட்கம் இரட்டிப்பாகும். முதல் முறையே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். பக்கத்து மேசை அலுவலகக் கனவான் டை கட்டிக்கொண்டு அதையே செய்வார்.

மெய்டுகள் ஒரே மேசையில் நிற்க முடியாது, இரண்டு மூன்று நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். அது உங்களைப் பிடிக்காததால் அல்ல. பேச விஷயம் தயாராக வைத்திருந்தால் அந்த நிமிடங்கள் வீணாகாது.

9. எடுக்கக் கூடாதவை, கேட்கக் கூடாதவை

உங்கள் சாப்பாட்டைப் படம் எடுக்கலாம். மெய்டையும் மற்ற விருந்தினரையும் எடுக்கக் கூடாது, வீடியோ அழைப்பில் வீட்டாருக்குக் காட்டுவதும் கூடாது. உங்களை நீங்களே எடுக்கும்போது பின்னால் மெய்ட் விழுந்தாலும் அழிக்கச் சொல்வார்கள். எதற்கும் செல்போனைத் தூக்கும் முன் ‘ஷாஷின் ஓகே தெசு கா’ (படம் எடுக்கலாமா) என்று கேட்டுவிடுங்கள்.

செக்கி எடுக்கும்போதும் தொடக் கூடாது. தோளில் கை போடும் வழக்கத்தை மூட்டை கட்டி வையுங்கள். இருவரும் பாதி இதயம் செய்து சேர்க்கும் போஸில்கூட விரல்கள் உரசாமல் நிற்பது நாகரிகம்.

உண்மைப் பெயர், வயது, வீடு, வேலை முடியும் நேரம், சொந்தத் தொலைபேசி எண் எதையும் கேட்காதீர்கள். கடை பெயரில் பொதுவாக இயங்கும் எக்ஸ் கணக்கு இருந்தால் அவர்களே சொல்வார்கள். வேலை முடிந்து வரும்வரை வாசலில் காத்திருப்பவர்களை மறுபடி உள்ளே விடாத கடைகள் உண்டு, போலீஸைக் கூப்பிடுவதும் நடக்கும். ஊரிலிருந்து மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்பட்டால் முதலில் கடையில் கேளுங்கள். பிரிக்காத பெட்டி என்றாலும் மறுக்கலாம், வருத்தப்பட வேண்டாம்.

10. கிளம்பும்போது

நேரம் முடிவதற்குச் சற்று முன் வந்து சொல்வார்கள். கூட்ட நாளில் நீட்டிக்க மாட்டார்கள். மற்ற நாளில் நீட்டித்தால் கட்டணம் மறுபடி ஏறும். பில்லைச் சரிபார்க்கத் தயங்காதீர்கள். வரிவரியாகப் பார்ப்பதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நாலு பேர் போனால் தனித்தனி பில் வேண்டுமா என்பதை ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், கடைசியில் பிரிப்பது கஷ்டம்.

உறுப்பினர் அட்டை ஒன்று தருவார்கள். எத்தனை முறை வந்தீர்கள் என்பதற்கேற்ப உங்கள் தகுதி உயரும். மறுபடி வரும் எண்ணம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ‘இத்தெராஷ்ஷாய்மாசே’ என்று வழியனுப்பும்போது ‘இத்தெகிமாசு’ (போய்வருகிறேன்) என்று பதில் சொல்லிவிட்டு இறங்கலாம்.

செக்கியை உடனே பர்சில் செருகாதீர்கள், பேனா மை காய்ந்திருக்காது. சில நிமிடம் காற்றில் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்துக்குள் தட்டையாக வையுங்கள். ஊருக்கு வந்தபின் வெயில் படும் சுவரில் ஒட்டினால் நிறம் வெளுத்துவிடும்.

11. அகிஹபாராவுக்கு வெளியே

டோக்கியோ போகாமல் ஒசாகா மட்டும் போகிறவர்கள் நிப்போன்பாஷியில் உள்ள டென்-டென் டவுனைப் பார்க்கலாம். நகோயாவில் ஒசு கடைத்தெருப் பக்கம் தேடுங்கள். கணக்கு, விதி எல்லாம் ஏறக்குறைய இதேதான், கூட்டம் குறைவு.

பெண் வாசகர்கள் சிலர் ‘எங்களுக்கு இதேபோல் ஒன்று கிடையாதா?’ என்று கேட்பதுண்டு. டோக்கியோவின் இகெபுகுரோவில் ஓத்தோமே ரோடு என்ற பகுதியில் 2006 முதல் ஸ்வாலோடெய்ல் என்ற பட்லர் கஃபே நடக்கிறது. கோட்டு அணிந்த பட்லர்கள், பீங்கான் கோப்பை, அடுக்குத் தட்டில் கேக். முன்பதிவு இல்லாமல் நுழைவது நடக்காத காரியம், உள்ளே போனபின் செல்போனைப் பையிலிருந்து எடுக்கவும் கூடாது. பயணத் தேதி உறுதியானதும் விமான டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக அந்த முன்பதிவைப் பாருங்கள்.